அந்தோணியார் பெட்டியில் விழுந்த அம்மாவின் ஆராய்ச்சி

இயேசு மரி சூசை துணை

கடற்கரைத் தெரு,
மீன்பிடித் தடை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை.

ஆழ்கடலில் வாழ்ந்தும் நீச்சல் தெரியாத என் பாசமிகு ஜாக்சன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் விஜிலாவின் ஒரே மகளும் தங்களுடைய ஒரே தலைவலியுமாகிய ஜெர்லின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா, யாரும் வளர்க்காமலே நம் வீட்டில் வளரும் பூனை ஆகிய நால்வரும் சுகம். தாங்களும், தங்கள் கப்பலும், கப்பலின் இன்ஜினும், இன்ஜினுக்கு எண்ணெய் விடும் தங்கள் கையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டு, “ஏளா, தலையும் இல்லாம வாலும் இல்லாம நடுத்துண்ட மட்டும் அனுப்புத. ஒழுங்கா ஒரு காயிதம் எழுது” என்று தாங்கள் குரல் பதிவில் கத்தினீர்கள். ஆகவே இதோ முழு மீன். நம் தெரு பேச்சிராஜா அண்ணன் அடுத்த வாரம் தங்கள் கப்பலில் ஏறுகிறார் அல்லவா, அவர் கையில் உடன்குடிக் கருப்பட்டி, முதலூர் அல்வா, இந்தக் கடிதம் மூன்றும் ஒரே பையில் வருகின்றன. முதலில் கடிதத்தைப் படிக்கவும். ஊருக்கெல்லாம் அல்வா கொடுப்பவள் நான் என்று பெயர் எடுத்திருந்தாலும் பையில் இருப்பது நிஜ அல்வாதான், பயப்பட வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், தங்கள் அக்காளுக்கு ஆராய்ச்சிப் பயிற்சியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று இரண்டரை மாதமாக வீடே குலுங்கிவிட்டது. அதைத் தொடங்கி வைத்தது நான். நடுவில் கெடுத்ததும் நான். முடிவில் யார் என்பதற்குத்தான் இவ்வளவு தாள் செலவாகிறது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அம்மாவுக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நோட்டீஸ் போர்டில், கொசு ஒழிப்புக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நடுவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நர்சுகள், மருத்துவச்சிகள், பிசியோதெரபிஸ்டுகள், லேப் டெக்னீஷியன்கள் ஆகியோருக்குத் தாங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே ஆராய்ச்சி செய்யக் கற்றுத்தரும் ஓராண்டுப் பயிற்சியாம். எட்டே இடம். வாரத்தில் ஒரு நாள் வார்டு வேலையிலிருந்து விடுதலை. கைப்பிடித்து நடத்த ஒரு பேராசிரியை. தேதியோ ஏப்ரல் ஒன்று, எதையாவது செய்யாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். போன வருஷம் சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டேன். இந்த வருஷம் கொஞ்சம் படித்த பிள்ளை மாதிரி நடந்துகொள்ளலாம் என்று அம்மா பெயரில் அங்கேயே நின்று போனில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். “உங்கள் பணியில் நெடுநாளாக உங்களை உறுத்தும் கேள்வி எது?” என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடி அம்மா கேட்கிற அதே கேள்வி: “தேரிக்காட்டுப் பொம்பளைங்க வாராளுவ, உப்பளத்துப் பொம்பளைங்க வாராளுவ. இந்தக் கடக்கரைக்காரிங்க மட்டும் செவ்வாக்கிழம செக்கப்புக்கு ஏன் வர மாட்டேங்காளுவ?” கர்ப்பிணிகளுக்கு அங்கே செவ்வாய்தான் பரிசோதனை நாள். அம்மாவின் பதிலும் கேள்விக்குப் பின்னாலேயே வரும்: “அந்தோணியாருதான் புடிச்சு வச்சிருக்காரு.” செவ்வாய் பதினொரு மணிக்கு நம்மூர் அந்தோணியார் குருசடிக் கோயிலில் நவநாள் செபம், முடிந்ததும் அசனச் சாப்பாடு என்பது மாமாவுக்குத் தெரியும். அங்கே சோறும் சாம்பாரும், இங்கே ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும். எந்த வரிசையில் கூட்டம் சேரும்?

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நான் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை. இருபது நாள் கழித்து, முதல் சுற்றில் அம்மா தேறிவிட்டாள், முன்னோட்டமாக ஒரு சின்ன ஆய்வு செய்து இன்டர்வியூவுக்கு வரவும் என்று கடிதம் வந்தது. “எந்த மூதேவி பண்ணுன வேலைளா இது?” என்று அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். மூதேவி மாடிக்கு ஓடினாள். அரை மணி நேரம் கீழே சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் அம்மா அந்தக் கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாமா, இருபத்தொரு வருஷம் பிரசவ வார்டில் நின்ற கால் அது. அம்மா எடுத்துக் கொடுத்த விவரங்களை வைத்து மூன்று டாக்டர்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். மூன்றிலும் கடைசிப் பக்கத்தில் “மற்றும் செவிலியர்களுக்கு நன்றி” என்று ஒரு வரி உண்டு. அந்த “மற்றும்”தான் தங்கள் அக்காள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏளா, இன்டர்வியூ என்னைக்குப் போட்டிருக்கான்?” விளக்குமாறு கீழே கிடந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் விளையாட்டு வினையாகவில்லை, வினைச்சொல்லாகிவிட்டது என்று.

வழிகாட்டியாக வந்தவர் ஞானபாக்கியம் மேடம். நாசரேத்துக்காரர். அவரும் ஒரு காலத்தில் வார்டு நர்சாக இருந்தவர்தான். இப்போது டாக்டர், ஆனால் ஊசி போடாத டாக்டர். வீடியோ அழைப்பில் அம்மா அந்தோணியார் விஷயத்தைப் பத்து நிமிடம் விளக்கினாள். செக்கப்பைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்ப்பும் சொன்னாள். மேடம் சிரித்தபடியே, “சிஸ்டர், பதில நீங்களே வச்சுக்கிட்டு எதுக்கு ஆராய்ச்சி பண்ணணும்? முப்பது பேர்கிட்ட கேளுங்க. பேரு எழுத வேண்டாம். நேர்ல நின்னு கேக்காதிய, உங்க முகத்தப் பாத்தா யாருக்கும் உண்மை வராது” என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எம்மூஞ்சிக்கு என்னவாம்?” என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா இருபது வருஷமாக ஹார்பரில் கப்பலை இழுக்கும் படகில் இருப்பவர், எந்தப் பக்கம் காற்று என்று தெரிந்தவர். “மூஞ்சிக்கு ஒண்ணும் இல்லளா” என்று சொல்லிவிட்டுப் பூனைக்கு மீன் வைக்கப் போய்விட்டார்.

பயிற்சி நடத்தும் கல்லூரியின் நெறிமுறைக் கமிட்டியிலிருந்து அனுமதி வந்தது. ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரானது. எத்தனையாவது மாதம், எத்தனை தடவை செக்கப்புக்கு வந்தீர்கள், செவ்வாய்க்கிழமை வராததற்குக் காரணம் என்ன, மூன்றே கேள்வி. தாள்களைப் போட ஒரு பெட்டி வேண்டும், அது என் பொறுப்பு. சுகாதாரத் துறை என்று எழுதிய பெட்டியில் நம்மூர்ப் பெண்கள் ஐஸ் குச்சியைத்தான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பித் தாள் போடுகிற இடம் ஊரில் ஒன்றுதான், குருசடியில் இருக்கும் அந்தோணியாரின் விண்ணப்பப் பெட்டி. எனவே அதைச் செய்த அதே ஆசாரியிடம் போய் அதே அளவில், அதே பச்சை வண்ணத்தில் இன்னொன்று செய்து வாங்கினேன். அதே லீலி மலரையும் நானே வரைந்தேன். லீலி கொஞ்சம் பெரிதாகிவிட்டதால் “ஆய்வுப் பெட்டி” என்பதை அடியில் எறும்பு மாதிரி எழுத வேண்டியதாயிற்று. ஃபாதரிடம் அனுமதி வாங்கிக் குருசடி வாசலில் வைத்தோம், பக்கத்திலேயே எழுதாத கேள்வித்தாள்களையும் அடுக்கினோம். அம்மா பூட்டும் கொடுத்தாள். சாவி தொலைந்துவிடக் கூடாது என்று பூட்டிலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மாமா, சிரிப்பதை நிறுத்திவிட்டு மேலே படிக்கவும்.

பெட்டி நிறைந்தது. அம்மாவுக்கு ஆனந்தம். அடுத்த செவ்வாய் வந்தது. தடைக்காலம் என்பதால் ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். குருசடி நிரம்பி, வலை பழுது பார்க்கும் கொட்டகை வரை கூட்டம். அம்மா சுகாதார நிலையத்தில் இருந்தாள். நான் விடுமுறையில் இருந்ததால் பக்தியோடு கடைசி வரிசையில் சப்பணம் போட்டு இருந்தேன். நவநாளில் விண்ணப்பங்களைச் சத்தமாக வாசிப்பது நம் சந்தியாகு உபதேசியார் வழக்கம் அல்லவா? அன்று அவர் கையில் இருந்த கட்டு வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்த மனிதர், வாசலில் இரண்டு லீலிப் பெட்டிகளைப் பார்த்து, அந்தோணியாருக்கு ஒரு பெட்டி பற்றவில்லை போலும் என்று மகிழ்ந்து, இரண்டையும் கொட்டிக்கொண்டு வந்துவிட்டார். முதல் தாள், மகன் பிளஸ் டூ தேற வேண்டும். எல்லாரும், “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள். இரண்டாவது தாளைப் பிரித்தார். மைக்கில் கணீரென்று, “கேள்வி ஒன்று. எத்தனையாவது மாதம்? பதில், ஆறு.”  பழக்கதோஷம், மொத்த ஊரும், “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, உபதேசியாருக்கு வாய் மட்டும் ஓடியது. “காரணம் என்ன? பதில், சிஸ்டர் ஏசுவாங்க.” முன்வரிசையில் இருந்தவர், ஏசு என்று கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். “வேண்டிக்கொள்ளும்!” அடுத்தது. “காரணம், நவநாளும் அசனமும் விட முடியல.” “வேண்டிக்கொள்ளும்!” அடுத்தது. “காரணம், மாத்திரை சாப்பிடலன்னு கண்டுபிடிச்சு கத்துதாங்க.” “வேண்டிக்கொள்ளும்!” ஆண்கள் பக்கம் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அப்புறம் வந்ததுதான் மாமா, பெருந்தாள். உபதேசியார் அதை நெஞ்சுருகி வாசித்தார்: “எட்டாம் மாதம். காரணம், எடை மிஷின் வாசல்ல இருக்கு, ரிஜிஸ்டர் அந்தக் கோடியில இருக்கு. சிஸ்டர் வாசல்ல நின்னுக்கிட்டு எழுதுறவங்களுக்குக் கேக்கணும்னு என் கிலோவக் கூவுதாங்க. தொண்ணூத்திரெண்டு, தொண்ணூத்திரெண்டுன்னு ரெண்டு தடவ. ஏலக்கூடத்துல சீலா மீனுக்குக்கூட ஒரு தடவதான் சொல்லுவாவ. என்ன ஏலம் எடுக்க யாரு வந்திருக்கா?”

இந்த முறை யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. மொத்த ஊரும் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தது. அன்றைக்குக் குருசடியில் எட்டாம் மாதம் என்று இருந்தவள் பேபி அக்கா ஒருத்திதான். பெயர் எழுதாத தாளில் பெயரைத் தவிர எல்லாம் இருந்துவிட்டது. பேபி அக்கா முகம் இறால் வெந்த மாதிரி சிவந்தது. உபதேசியார் அடுத்த தாளுக்குக் கையை நீட்டினார். அடுத்தது யார் மானமோ? எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து ஓடி வராந்தாவில் தொங்கிய அசன மணியைப் பிடித்து ஆட்டினேன். மாமா, நம்மூர் ஜனத்தை மறையுரை கட்டிப்போடாது, மணி கட்டிப்போடும். அடுத்த நிமிடம் ஊரே தூக்குச்சட்டியோடு கொட்டகையில் வரிசையில் நின்றது. சமையலுக்கு வந்திருந்த இசக்கியப்பன் அண்ணாச்சி கரண்டியோடு பாய்ந்து வந்து, “ஏலே, எவம்லே மணி அடிச்சது? சோறு இன்னும் வடிக்கவே இல்ல!” என்று அலறினார். குருசடிக்குள் அந்தோணியாரும் உபதேசியாரும் தனியாக இருந்தார்கள். நான் தாள் கட்டைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா என்னை அடித்திருந்தால் தேவலை. வேலை முடிந்து வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். நவநாள் என்று எழுதியவர்கள் ஒன்பதே பேர். மற்றதெல்லாம், சுற்றி வளைத்துப் பார்த்தால், அம்மா. “நான் அப்படியாளா கத்துதேன்?” என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். “ஏங்க, நான் கத்துதேனா?” என்று அப்பாவைக் கேட்டாள். விடுப்பில் இருந்த அப்பா, “ஹார்பர்ல ஒரு வேல கெடக்கு” என்று சட்டையை மாட்டினார். அம்மா போனை எடுத்து ஞானபாக்கியம் மேடத்திடம், “எம்பேர எடுத்திருங்க மேடம். நம்பி எழுதினவளுவள ஊரு முன்னால நிறுத்திட்டேன். எனக்கு இது ஆவாது” என்றாள். குரல் உடைந்தது. மாமா, பிரசவ வார்டில் யார் எவ்வளவு கத்தினாலும் உடையாத குரல் அது. மறுமுனையில் மேடம் ஏதோ சொல்ல, அம்மா “ம், ம்” என்று கேட்டுக்கொண்டே என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். பிறகு நான் பார்த்தேன்: “1. நடந்ததை மறைக்காமல் எழுதி இன்றே கமிட்டிக்கு அனுப்பு. 2. ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொல். தாளைத் திருப்பிக் கேட்டால் கொடு. 3. அழுது முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு வா.” மூன்றாவதை மேடம் சொன்னாரா, அம்மா சேர்த்தாளா என்பது ஆய்வுக்குரியது.

மறுநாள் அம்மா முன்னாலும், தாள் கட்டோடு நான் பின்னாலுமாகத் தெருத் தெருவாகப் போனோம். ஊரே வேடிக்கை பார்த்தது. “உங்க தாளு வேணும்னா எடுத்துக்கிடுங்க. என் தப்புதான்” என்று ஒவ்வொரு வாசலிலும் அம்மா சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். அதுவே பாதிப் பேருக்கு அதிர்ச்சி. இரண்டு பேர் எடுத்துக் கிழித்தார்கள், வேறு இரண்டு பேர் தாங்களாகக் கேட்டு வாங்கி எழுதித் தந்தார்கள். கடைசியாகப் பேபி அக்கா வீடு. கதவைத் திறந்ததும் அக்கா, “வாங்க சிஸ்டர், ஏலம் எடுக்க வந்தியளோ?” என்றாள். அம்மா தலையைக் குனிந்தாள்.

“பேபி, நீ எழுதினத ஊரே கேட்டிருச்சு. என்னால—”

“நான் எழுதலன்னு தொண்ட கிழியச் சொல்லுதேன், ஒருத்தியும் நம்ப மாட்டேங்கா.”

“நீ எழுதினதா நானும் சொல்லலம்மா. பேரு வெளிய சொல்லக் கூடாது.”

“அட, அதில்ல சிஸ்டர்... சரி விடுங்க. எவ எழுதினா என்ன, எழுதினது நெசந்தான? போன மாசம் என்ன ஏத்தி நிறுத்தி நீங்க கூவினதுல, வெளிய ஆட்டோல இருந்தவன் எங்க வீட்டுக்காரர்ட்ட வந்து, ‘என்ன மச்சான், சரக்கு கூடியிருக்கு போல’ன்னான். பொறவு எப்படி வருவேன்?”

அம்மா நிமிர்ந்தாள். “மிஷின மாத்திருதேன்” என்றாள். அவ்வளவுதான். பேபி அக்கா காப்பி போட்டாள். எழுதிவிட்டு எழுதவில்லை என்று சொல்லும் அக்காவின் அடக்கத்தை நினைத்து நான் வியந்தேன்.

அடுத்த செவ்வாய்க்குள் எடை மிஷின் ரிஜிஸ்டர் மேசைக்குப் பக்கத்தில், பச்சைத் திரைக்குப் பின்னால் போய்விட்டது. கிலோவை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதி அவரவர் கையிலேயே கொடுக்க ஏற்பாடு. அந்தோணியாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது என்று, கடற்கரைக்காரிகளுக்கு மட்டும் அசனம் முடிந்து இரண்டு மணிக்கு என்று நேரம் மாற்றினாள். முதல் செவ்வாய் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் அம்மா நிஜமாகவே வாயை மூடியிருக்கிறாளா என்று பார்க்க வந்தவர்கள். அதற்கடுத்த வாரம் பதினேழு. அம்மாவின் ரகசியக் குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல் அளவுக்கு இருந்தாலும் முயற்சி திருவினையாக்கிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் இன்டர்வியூ. நானும் துணைக்குப் போனேன். துணை என்றால் பையையும் அம்மாவின் பதற்றத்தையும் தூக்குகிற வேலை. காத்திருக்கும் அறையில் நாசரேத்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் பெனிஸ்டன் அண்ணன், உப்பளத்தில் வேலை செய்பவர்களின் முதுகுவலியைப் பற்றி என் முதுகு வலிக்கும்வரை விளக்கினார். அம்மா உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, நானும் சரியாகச் சாத்திவிடவில்லை. உள்ளே ஒரு பெரியவர், “ரகசியமா வாங்கின பதில கோயில்ல மைக் போட்டு வாசிச்ச ஆராய்ச்சிய இப்பதாம்மா பாக்கேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “ஆமா சார். அது எந்தப்பு, எழுதி அனுப்பியிருக்கேன். ஆனா சார், இருபத்தோரு வருஷமா அவங்க ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அவங்ககிட்ட கேக்கல. இப்ப கேக்கப் படிக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றாள். சிரிப்பு நின்றது. மாமா, எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. தூத்துக்குடியில் தூசி அதிகம்.

எட்டில் ஏழாவது இடம் கிடைத்துவிட்டது என்று போன வாரம் செய்தி வந்தது. ஆனால் ஒரு வால். வியாழக்கிழமைதோறும் அம்மாவை அனுப்பச் சம்மதம் என்று நிலையத்தின் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டாக்டர் பானுப்ரியா நல்லவர், சின்ன வயசு, ஆனால் கறார். “சிஸ்டர், நீங்க போனா அன்னைக்கு பிரசவ வார்டு யாரு பாப்பா? ஆராய்ச்சின்னா டாக்டருங்க பண்ணட்டுமே, நீங்க வழக்கம்போல விவரம் எடுத்துக் குடுங்க, போதும்” என்றார். இரண்டு நாள் தாள் அவர் மேசையில் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் செவ்வாய். நான் சோற்று வாளியோடு வாசலில் நிற்கிறேன். இரண்டு மணி வரிசை முடிந்ததும் டாக்டர் எழுந்து வந்தார், அக்கம்பக்கம் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் மிஷினில் ஏறினார். மாமா, டாக்டருக்கு ஆறாம் மாதம். அம்மா ஒன்றும் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தாள். டாக்டர் சீட்டை மடித்துக்கொண்டே, “மார்ச்சுல ஒரு தடவ ஏறினேன் சிஸ்டர், நெனவிருக்கா? டீ கொண்டுவந்த அண்ணாச்சி வரைக்கும் எங்கிலோ தெரிஞ்சு போச்சு. அதுலருந்து நான் செக்கப்புக்குத் திருநெல்வேலி போயிட்டிருக்கேன்” என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வெடித்ததில் வார்டில் ஒரு குழந்தை விழித்துவிட்டது. “வியாழக்கிழமைக்குப் பக்கத்து நிலையத்துல ஆள் கேக்கேன். கட்டுரை எழுதும்போது உங்க பேர முதல்ல போடுங்க. எம்பேர் வேண்டாம், கடைசியில ‘மற்றும் மருத்துவர்’னு ஒரு நன்றி போதும்” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். அந்தத் தாள் இப்போது மாதா படத்துக்கு அடியில் இருக்கிறது. அம்மா போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். வீட்டில் குரல் ஏறினால் தானே வாயைப் பொத்திக்கொள்கிறாள். பூனைக்குத்தான் பழக்கமில்லாமல் பயமாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. கடல் தங்களைப் பத்திரமாகத் தாலாட்டவும், கேப்டன் தங்களைத் திட்டாமல் இருக்கவும், திட்டினாலும் அது தங்கள் மொழியில் இல்லாமல் இருக்கவும் வேண்டுகிறேன். அம்மா ஆசீர்வாதமும் அப்பா அன்பும் சொல்லச் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லாமலே தருகிறேன், மூன்று முத்தம், ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
பெட்டி செய்தவளும் மணி அடித்தவளுமாகிய
ஜெர்லின்

பின்குறிப்பு: ஒட்டும் முன் அம்மா இதைப் படித்துவிட்டாள். சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் ஒருவர் கிலோவைக் கடல் கடந்து அனுப்புவது நெறிமுறைக்கு விரோதம், பேபியிடம் கையெழுத்து வாங்கி வா என்றாள். போனேன். கடிதத்தைப் படித்த அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். “ஏளா, எங்கிலோ எழுபத்தொண்ணு! சீட்டப் பாரு! நான் எழுதலன்னு சொன்னத நம்பாததுக்குக்கூட கோவமில்ல. தொண்ணூத்திரெண்டுன்னா அது நாந்தான்னு ஊரே நம்பிருச்சே, அந்தக் கோவம் சாவுறவரைக்கும் போவாது” என்றாள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம். ‘ஏலக்கூடம்’ என்ற சொல்லில் ஏகாரம் போட்டிருந்த விதம், நம் வீட்டு கேஸ் சிலிண்டர் தேதி எழுதும் காலண்டரில் தினமும் நாங்கள் பார்ப்பது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃபேனைப் பார்த்தார். “பிரஷர் பாக்க வந்தப்ப என்னையும் அந்த மிஷின்ல ஏத்திக் கூவினியேளா. இருவது வருஷமா வீட்ல ஒருத்தரும் எங்கிட்ட கருத்துக் கேக்கல. குருசடி வாசல்ல ஒரு தாளு கேட்டுச்சு, எழுதிட்டேன்.” “எட்டாம் மாசம்னு எப்படிப் போட்டிய?” “வயித்தத் தடவிப் பாத்தேன். அப்படித்தான் தோணுச்சு.” அம்மா நேரே போனை எடுத்தாள். “மேடம், முப்பதுல ஒரு தாள கழிக்கணும். எழுதினவங்க கர்ப்பிணி இல்ல... ஆமா மேடம், உறுதியாத் தெரியும். எங்க வீட்டுக்காரரு.” மறுமுனையில் நாசரேத்தே சிரித்தது எங்களுக்குக் கேட்டது. மற்ற தாள்களும் அதையேதான் சொல்கின்றன, ஆராய்ச்சிக்கு ஆபத்தில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எப்படி என்று தெரியவில்லை. ஆகையால் மாமா, மேலே “பேபி அக்கா எழுதியது” என்று நான் நம்பவைத்த இடமெல்லாம் “அப்பா எழுதியது” என்று திருத்திப் படிக்கவும்.